கோரஸா, ஃபேஸரா, ட்ரெமோலோவா: மொடியூலேஷன் பெடல் ஒண்டு வாங்க முதல்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒருத்தன் கிட்டாரைத் தோளில கொழுவிக்கொண்டு வந்து "அண்ணா, ஓவர்ட்ரைவ் இருக்கு, டிலே இருக்கு, இனி மொடியூலேஷன் ஒண்டு வாங்கப்போறன், எது நல்லது எண்டு சொல்லுங்கோ" எண்டு கேட்டான். பெடல் எண்டது கிட்டாருக்கும் அம்ப்புக்கும் (சத்தத்தைப் பெருக்கிற பெட்டி) நடுவில கொழுவிக் காலால அமத்துற சின்னப் பெட்டி; ஓவர்ட்ரைவ் சத்தத்தைக் கரகரப்பாக்கும், டிலே எதிரொலி குடுக்கும், மொடியூலேஷன் சத்தத்தை ஆட்டும். கொழும்பில ஒராள் ஒன்லைன்ல விக்கப் போட்டிருக்கிற நாலு பெடலின்ட படத்தை போன்ல காட்டினான். ஒண்டு கோரஸ், ஒண்டு ஃபேஸர், ஒண்டு ஃபிளேஞ்சர், மற்றது ட்ரெமோலோ. நாலும் பழசு, விலையும் கிட்டத்தட்ட ஒண்டுதான். அவன் கேட்டது ஒரு வரிக் கேள்வி, நான் பதில் சொல்லி முடிக்க ரெண்டு மணித்தியாலம் போயிட்டுது, அம்மா ரெண்டு தரம் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா. போகேக்க அவன் "இதை எழுதி வையுங்கோ அண்ணா, எனக்குப் பாதி மறந்துபோகும்" எண்டு சொன்னான், அதுதான் எழுதுறன்.

அவனிட்ட நான் முதல் கேட்டது பெடலைப் பற்றி இல்லை. "உங்கட செட்ல ஓர்கன் இருக்கோ, ஆர் பாடுறது, ஒரே நேரத்தில எத்தினை பேர் வாசிக்கிறியள்?" எண்டுதான் கேட்டன். அவன் முழிச்சுக்கொண்டு நிண்டான். பெடல் வாங்கிறதுக்கும் ஓர்கனுக்கும் என்ன சம்பந்தம் எண்டு அவன் யோசிச்சிருப்பான். எனக்கு இது விளங்க ஒரு வருசத்துக்கு மேல போனது, அதனால அந்தக் கதையை முதல் சொல்லிறன்.

நான் முதல் முதல் வாங்கின மொடியூலேஷன் கோரஸ்தான். திருமலையில, உவர்மலையில எங்கட வீட்டு முன்அறையில, இரவு எல்லாரும் படுத்தாப்பிறகு, சின்ன அம்ப்ல சத்தத்தைக் குறைச்சு வைச்சு ஒரு ஈ மைனர் கோர்டை அடிச்சிட்டு கையை எடுத்து விட்டுடுவன். அந்த ஒரு கோர்ட் அறை முழுக்கப் பரவி மெல்ல மெல்ல ஆடி அடங்கிறதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறதே போதும் எனக்கு. இதைவிட வடிவான சத்தம் கிட்டார்ல வராது எண்டு நினைச்சன். பிறகு ஒரு கோயில் திருவிழா மேடையில அதைக் கொண்டுபோய் வைச்சன். ஓர்கன், தபேலா, ஒக்டபாட், பேஸ், ரெண்டு பாட்டுக்காரர், நான். ஓர்கன்காரர் கீழ ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டம் மாதிரிச் சத்தம்) போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார், மேல பாடுற தங்கச்சி கமகம் போட்டு ஒரு நீண்ட சுரத்தைப் பிடிக்கிறா, நான் கோரஸை ஒன் பண்ணி கோர்ட் போடுறன். எனக்கு என்ட கிட்டாரே கேக்கேல்லை. சனம் கேட்டிருக்காது எண்டது ஒரு பக்கம், இறங்கி வந்த உடன அந்தத் தங்கச்சி "அண்ணா, நீங்க பின்னால வாசிக்கேக்க எனக்கு சுருதி பிடிபடேல்லை" எண்டு சொன்னா. கிட்டார் டியூன் பிழைச்சிட்டுதாக்கும் எண்டு டியூனரைப் போட்டுப் பார்த்தன், ஆறு நரம்பும் சரியா நிண்டது.

அதுக்குப் பிறகு கனக்க நாள் இதுக்கு என்ன காரணம் எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒரு ரிகர்சல்ல, பாட்டு நடந்துகொண்டு இருக்கேக்க, தற்செயலா காலால பெடலை ஒஃப் பண்ணிட்டன். பாடிக்கொண்டு இருந்த அவ சட்டெண்டு என்ட பக்கம் திரும்பித் தலையை ஆட்டினா. அவ்வளவுதான் நடந்தது. ஆனா அந்தத் தலையாட்டலில இருந்துதான் நான் ஒவ்வொரு பெடலும் சுருதியை என்ன செய்யுது எண்டு பார்க்கத் தொடங்கினனான்.

கோரஸ் என்ன செய்யுது எண்டா, உங்கட சத்தத்தை ரெண்டாப் பிரிச்சு ஒண்டை அப்படியே விட்டிட்டு மற்றதை கொஞ்சம் பிந்தி விடுது, கிட்டத்தட்ட 20 மில்லிசெக்கன் பக்கம். அந்தப் பிந்துற நேரம் நிலையா நிக்காம கூடிக் குறைஞ்சுகொண்டே இருக்கும். நேரம் அசையேக்க சுருதியும் அசையும், ரயில் கிட்ட வரேக்க கோர்ன் சத்தம் கூர்மையாவும் போகேக்க தடிப்பாவும் கேக்கிற மாதிரி. ஆக ஒரு சுரம் நேரா நிக்குது, அதே சுரம் இன்னொண்டு பக்கத்தில மேலயும் கீழயும் ஆடுது. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில ரெண்டு நாதஸ்வரம் ஒண்டா ஒரே சுரத்தைப் பிடிக்கேக்க கிட்டப் போய் நிண்டு கேட்டுப் பாருங்கோ, ரெண்டு பேரும் ஒரே சுரம்தான், ஆனா ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம்தான் அந்தச் சத்தத்தைப் பெருசாக்கிறது. கோரஸ் பெடல் செய்யிறது அதே வேலை. ஆனா அந்த ரெண்டு நாதஸ்வரத்துக்கு நடுவில இன்னொருத்தர் நுணுக்கமா கமகம் போட்டுப் பாடினா எப்பிடி இருக்கும்? அதைத்தான் நான் அந்தத் தங்கச்சிக்குச் செய்துகொண்டு இருந்திருக்கிறன். போதாக்குறைக்கு ஓர்கன்ல வாற ஸ்ட்ரிங்ஸ், எலக்ட்ரிக் பியானோ மாதிரிச் சத்தங்கள் கனக்கத்திலயும் கோரஸ் ஏற்கனவே போட்டுத்தான் வரும். ஒரே இடத்தில ரெண்டு கோரஸ் ஆடினா கலங்கின தண்ணிதான் மிச்சம்.

இந்த கோரஸ் எண்ட சாமானின்ட சரித்திரமும் எனக்குச் சரியான விருப்பம். 1969ல பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில சாங்ஸ்டர், டீர் எண்டு ரெண்டு பேர் ஒரு சிப் கண்டுபிடிச்சவை. நெருப்புப் பிடிச்சா ஆக்கள் வரிசையா நிண்டு தண்ணி வாளியைக் கைமாத்துவினம் தானே, அது மாதிரி சத்தத்தை துண்டு துண்டா ஒரு படியில இருந்து அடுத்த படிக்கு கைமாத்திக் கைமாத்திப் பிந்த வைக்கிற சிப், அதுக்குப் பேரே பக்கெட் பிரிகேட். அதை வைச்சு ரோலண்ட் கொம்பனி ஜேசி-120 எண்ட அம்ப்பை 1975ல கொண்டு வந்தது, அந்த அம்ப்புக்குள்ள இருந்த கோரஸை மட்டும் வெளியில எடுத்து பெட்டியில போட்டு 1976ல பொஸ் எண்ட பேரில விட்டினம், சிஇ-1. பொஸ் விட்ட முதல் எஃபெக்ட் பெடல் அதுதான். இண்டைக்குக் கடையில இருக்கிற முக்கால்வாசி கோரஸ் பெடலும் ஏதோ ஒரு வழியில அதின்ட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

ஃபேஸருக்கு வருவம், எனக்கு இதைப் பற்றி எவ்வளவு கதைச்சாலும் அலுக்காது. ஃபேஸர் சத்தத்தைப் பிந்த வைக்கிறேல்லை. அலையின்ட கட்டத்தை (ஃபேஸ், அலை ஏறி இறங்கிற நிலை) மட்டும் திருப்பிற வடிகட்டிகளுக்குள்ளால ஒரு பங்கை விட்டு, பிறகு நேரா வாற பங்கோட சேர்க்கும். சேரேக்க சில இடங்கள் ஒண்டை ஒண்டு அழிச்சுப்போடும், அந்த இடத்தில சத்தத்தில ஒரு பள்ளம் விழும். நாலு படி வடிகட்டி எண்டா ரெண்டு பள்ளம். அந்தப் பள்ளங்கள் மேலயும் கீழயும் நகர்ந்துகொண்டே இருக்கும். வாயைத் திறந்து ஒரே சுருதியில "ஆ" எண்டு தொடங்கி மெல்ல "ஓ", "ஊ" எண்டு போய்த் திரும்பி "ஆ"வுக்கு வாங்கோ, சுருதி மாறேல்லை, ஆனா சத்தம் உருண்டு போகுது தானே, ஃபேஸர் அதுதான். சுரம் கிட்டத்தட்ட அசையாமலே நிக்கும், நிறம்தான் மாறும். பாடுறவைக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை, ஓர்கனோட முட்டுறதும் குறைவு, அதோட கிட்டார் தனியாத் தெரியும். நரம்பைக் கையால அமத்திப் பிடிச்சு வெறும் சிக்குச் சிக்கு எண்டு தாளம் மட்டும் அடிக்கிற இடங்களில மெதுவான ஃபேஸர் ஒண்டைப் போட்டுப் பாருங்கோ, அந்த வெறும் தட்டலே கதைக்கத் தொடங்கும்.

1974ல கீத் பார் செய்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 இருக்கே, செம்மஞ்சள் பெட்டி, அதில ஸ்பீட் எண்டு ஒரே ஒரு திருகிதான். ரொக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் அதைத்தான் வைச்சிருந்தவர். ஒரு திருகி எண்டா குறை எண்டு நினைக்காதேங்கோ, மேடையில இருட்டுக்குள்ள குனிஞ்சு மூண்டு திருகியைத் தேடுறதை விட அது எவ்வளவோ மேல். நான் இப்ப வைச்சிருக்கிறதும் அந்த மாதிரி நாலுபடி ஃபேஸர்தான், மலிவான வேற கொம்பனி. திருகியை கடிகாரத்தில ஒன்பது மணியில வைச்சு ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறன், அதைத் தாண்டி நான் திருப்பினது ரெண்டோ மூண்டோ தரம்தான்.

ட்ரெமோலோ எல்லாத்திலயும் எளிமையானது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது மட்டும்தான். சின்னனில டேபிள் ஃபேனுக்கு முன்னால இருந்து "ஆஆஆ" எண்டு கத்தாத பிள்ளை இல்லை, அந்தச் சத்தம்தான். இதிலயும் சுருதி அசையாது. ஆனா பேரில ஒரு குழப்பம் இருக்கு, அதால கனபேர் பிழையான பெடலை வாங்கியிருக்கினம். ஃபெண்டர் கொம்பனி தங்கட பழைய அம்ப்புகளில ட்ரெமோலோவுக்கு வைப்ரேட்டோ எண்டு பேர் போட்டுட்டுது, தங்கட ஸ்ட்ராட் எண்ட கிட்டார்ல சுருதியை ஆட்டுற கம்பிக்கு ட்ரெமோலோ எண்டு பேர் வைச்சிட்டுது. அப்பிடியே தலைகீழ். சத்தம் ஆடினா ட்ரெமோலோ, சுருதி ஆடினா வைப்ரேட்டோ, இதை மட்டும் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. ட்ரெமோலோ வாங்கிறதெண்டா லெவல் திருகி இருக்கோ எண்டு பாருங்கோ, ஏனெண்டா ஒன் பண்ணின உடன சத்தம் குறைஞ்ச மாதிரிக் காதுக்குத் தெரியும், அதைக் கொஞ்சம் ஏத்தி விடோணும். மற்றது டாப் டெம்போ, காலால தட்டி வேகம் வைக்கிறது. நிமிசத்துக்கு 90 அடி போற பாட்டு எண்டா ஒரு அடிக்கு ஒரு துடிப்பு எண்டு வைக்க செக்கனுக்கு ஒன்றரைத் துடிப்பு வேணும், 120 எண்டா ரெண்டு. தாளக்காரர் கொஞ்சம் ஓடத்தான் செய்வார், பைலா தொடங்கினா சொல்லவே தேவையில்லை, அப்ப உங்கட ட்ரெமோலோ மட்டும் பழைய வேகத்தில நிண்டா கேக்கச் சகிக்காது.

ஃபிளேஞ்சரை விளங்கப்படுத்த எனக்கு எங்கட விமான நிலையம் இருக்கிற சீனக்குடா இருக்கு. அங்க விமானம் தலைக்கு மேலால போகேக்க சிமெந்துத் தரையில நிண்டு, மெல்லக் குனிஞ்சு நிமிர்ந்து பாருங்கோ. அந்த இரைச்சல் ஷ்ஷூ எண்டு மேல ஏறி இறங்கும். விமானத்தின்ட சத்தம் நேராயும் காதுக்கு வருது, நிலத்தில பட்டுத் தெறிச்சும் வருது. காது நிலத்தில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில எண்டா தெறிச்சு வாறது 3 மீட்டர் கூட ஓடி வரோணும், அதுக்கு கிட்டத்தட்ட 9 மில்லிசெக்கன் எடுக்கும். குனிய அது குறையும், நிமிர அது கூடும். ஃபிளேஞ்சர் பெட்டிக்குள்ள நடக்கிறதும் இதுதான், கோரஸை விடக் கிட்டவா, சில மில்லிசெக்கனுக்குள்ள ரெண்டு சத்தமும் உரசும், ஃபீட்பாக் திருகியை (வெளியில வாற சத்தத்தைத் திரும்ப உள்ளுக்கு விடுறது) கூட்டினா இன்னும் கூர்மையாகும். நான் இதை முதல் தரம் வெளங்கிக்கொண்டது அந்தத் தரையில நிண்டுதான், அண்டைக்கு ஆரும் பார்த்திருந்தா உடற்பயிற்சி எண்டு நினைச்சிருப்பினம். விமான இரைச்சலில எல்லாச் சுருதியும் நிறைஞ்சு இருக்கிறதால அது அவ்வளவு தெளிவாக் கேக்குது. கிட்டார்லயும் அப்பிடித்தான், டிஸ்டோர்ஷன் போட்ட கரகரப்பான சத்தத்தில ஃபிளேஞ்சர் கடிக்கும், மெல்லிசான கிளீன் சத்தத்தில அதுக்குக் கடிக்க ஒண்டும் கிடையாது. பொலிஸ் பாண்டின்ட ஆண்டி சம்மர்ஸ் எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் எண்ட ஃபிளேஞ்சரை வைச்சு கிளீன் கோர்ட்டை மினுங்க வைச்சவர், அது அவற்ற கை. ஒரே ஒரு பெடல்தான் வாங்க ஏலும் எண்டிருக்கிற ஆளுக்கு நான் ஃபிளேஞ்சரைச் சொல்லமாட்டன், வருசத்தில நாலு பாட்டுக்குத்தான் அது தேவைப்படும்.

யூனிவைப், ரோட்டரி ரெண்டும் தனி உலகம். டொன் லெஸ்லி செய்த பெட்டிக்குள்ள ஸ்பீக்கர் ஹோர்ன் உண்மையாவே சுத்தும், மெதுவா ஒரு வேகம் வேகமா ஒரு வேகம், அதைச் சின்னப் பெட்டிக்குள்ள கொண்டு வரப் பார்க்கிறதுதான் ரோட்டரி பெடல். யூனிவைப்புக்குள்ள ஒரு சின்ன பல்ப் விட்டு விட்டு எரியும், சுத்திவர இருக்கிற நாலு ஒளி உணரி அதைப் பார்த்துச் சத்தத்தைத் திருப்பும், 1969ல வுட்ஸ்டொக் இசைவிழாவில கிட்டார்காரர் ஹென்ட்ரிக்ஸ் வாசிச்சது அதாலதான். எனக்கு ரெண்டும் சரியான விருப்பம், ஆனா முதல் பெடலுக்கு வேண்டாம்.

இனிச் சோதிச்சுப் பார்க்கிறதைச் சொல்லுறன். கடையிலயோ ஆற்றையேன் வீட்டிலயோ ஒரு பெடலைக் கொழுவின உடன எல்லாரும் செய்யிறது ஸ்பீடையும் டெப்தையும் (ஆட்டத்தின்ட வேகமும் ஆழமும்) முழுக்கத் திருப்பிப் பார்க்கிறது. அப்பிடிச் செய்தா எல்லாப் பெடலும் அதிசயமாத்தான் கேக்கும். ரெண்டையும் அடியில இருந்து தொடங்குங்கோ. இருக்கோ இல்லையோ எண்டு தெரியாத அளவில வைச்சுக்கொண்டு நீங்க வழமையா மேடையில வாசிக்கிற பாட்டை, முழுப்பாட்டையும், வாசியுங்கோ. பாதியில ஒஃப் பண்ணுங்கோ. ஒஃப் பண்ணின உடன ஏதோ ஒண்டு குறைஞ்சுபோன மாதிரி இருந்தா அந்தப் பெடல் உங்களுக்கு வேலை செய்யுது. நிம்மதியா இருந்தா வைச்சிட்டு வாங்கோ. ஏலுமெண்டா கூட வாசிக்கிற ஒராளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவரைப் பாடச் சொல்லுங்கோ, மேடையில பாடின அந்தத் தங்கச்சி சொன்ன மாதிரி அவர் சொல்லுவார்.

எங்க வைக்கிறது எண்டு தம்பியும் கேட்டவன். பொதுவா ஓவர்ட்ரைவுக்குப் பிறகு மொடியூலேஷன், அதுக்குப் பிறகு டிலே, கடைசியா ரிவர்ப் (மண்டபத்துக்குள்ள வாசிக்கிற மாதிரி முழக்கம்). ஆனா ஃபேஸரை மட்டும் ஓவர்ட்ரைவுக்கு முன்னால வைச்சும் பாருங்கோ. பிறகு வைச்சா கடுமையாச் சுழட்டும், முன்னால வைச்சா ட்ரைவ் அதை விழுங்கி தடிப்பா, சூடா வெளியில விடும், நான் முன்னாலதான் வைக்கிறன். கோரஸை ட்ரைவுக்கு முன்னால வைச்சா எனக்குக் கேக்கப் பிடிக்காது.

ஸ்டீரியோ (ரெண்டு பக்கத்தால சத்தம் விடுறது) எண்டு எழுதியிருக்கு எண்டதுக்காகக் கூடுதல் காசு குடுக்காதேங்கோ, அதுவும் எங்கட பக்க மேடைகளுக்கு. சவுண்ட்காரர் உங்கட கிட்டாருக்கு ஒரு வயர்தான் தருவார், அல்லது அம்ப்புக்கு முன்னால ஒரு மைக் வைப்பார். நான் முதல் சொன்ன ஜேசி-120ல ரெண்டு ஸ்பீக்கர், ஒண்டில நேரான சத்தம், மற்றதில ஆடுற சத்தம், ரெண்டும் காத்தில கலந்துதான் கோரஸ் ஆகுது. அதில ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால மட்டும் மைக்கை வைச்சா சனத்துக்கு கோரஸே கேக்காது, உங்களுக்கு மட்டும் மேடையில சொர்க்கம் மாதிரிக் கேக்கும். மோனோவில, ஒரே வயர்ல, நல்லாக் கேக்குதோ எண்டு பார்த்து வாங்குங்கோ.

கரண்ட் விசயத்தில எனக்கு ஒரு பெடல் செத்தது. 9 வோல்ட் தானே எண்டு நினைச்சு வீட்டில கிடந்த ஏதோ ஒரு அடப்டரைக் கொழுவினன். கூடுதலான பெடல்களுக்கு நடு ஊசி மைனஸ், வெளிவட்டம் பிளஸ். அந்த அடப்டரில மாறி இருந்திருக்கு. ஒரு சின்ன மணம் வந்தது, அவ்வளவுதான், பிறகு லைட் எரியவே இல்லை. பெடலுக்குப் பின்னால ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு புள்ளி எண்டு சின்னப் படம் போட்டிருக்கும், அடப்டரிலயும் அதே படம் இருக்கும், ரெண்டும் ஒண்டா எண்டு பார்க்க அஞ்சு செக்கன் காணும். மில்லி அம்பியர் எவ்வளவு எண்டும் பாருங்கோ, பெடல் கேக்கிறதை விட அடப்டர் தாறது கூட இருக்கலாம், குறையக்கூடாது. ஒரே அடப்டரில இருந்து சங்கிலி மாதிரி நாலைஞ்சு பெடலுக்குக் குடுத்தா, அதில ஒண்டு டிஜிட்டல் எண்டா, ஒரு விசில் சத்தம் வரப் பார்க்கும். திருவிழா மேடையில ஜெனரேட்டர் எண்டா உறுமலும் சேரும். அந்த இடங்களில நான் ஃபேஸரைப் பட்டரியில ஓட விடுவன், அது எடுக்கிற கரண்ட் கொஞ்சம்தான், சத்தமும் துப்பரவா இருக்கும். ஒண்டை மறக்காதேங்கோ, இன்புட் ஜக்கில வயர் கொழுவியிருக்கிற வரைக்கும் பெடல் ஒஃப்ல இருந்தாலும் பட்டரி இறங்கும். வாசிச்சு முடிஞ்சா வயரைக் கழட்டி விடோணும்.

பழசு வாங்கிறதெண்டா, திருமலையில இருந்து வாங்கிற எங்களுக்கு அதுதான் கூடுதலா நடக்கிறது, விக்கிற ஆளிட்ட ஒரு வீடியோ கேளுங்கோ. கிட்டார்ல சத்தத்தை முழுக்கக் குறைச்சு, பெடலை ஒன் பண்ணி, ஸ்பீடையும் டெப்தையும் முழுக்கத் திருப்பச் சொல்லுங்கோ. டிக், டிக், டிக் எண்டு கடிகாரம் மாதிரிக் கேட்டா பெடலுக்குள்ள ஆட்டுற சேர்க்கிட்டின்ட துடிப்பு சத்தப் பாதைக்குள்ள கசியுது எண்டு அர்த்தம். மொடியூலேஷன் பெடல்களுக்கு எண்டே இருக்கிற வருத்தம் அது, பாட்டு நடக்கேக்க தெரியாது, பாட்டு நிக்கிற அந்த அமைதியில தெரியும். பட்டரி வைக்கிற மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ, பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் படிஞ்சிருந்தா பழைய பட்டரி கசிஞ்சிருக்கு.

அதோட இது கடற்கரை ஊர். டச் பே பக்கம் ஒரு பின்னேரம் வாசிச்சிட்டு வந்து அடுத்த நாள் நரம்பைத் தொட்டுப் பாருங்கோ, விரலில கரகரக்கும். நரம்பில படியிறது ஜக்குக்குள்ளயும் படியும். நான் ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பெடலைக் கழட்டிப் பார்த்தன், உள்ளுக்குப் பலகையெல்லாம் புதுசு மாதிரி, ஆனா இன்புட் ஜக்கின்ட தகடு மட்டும் மங்கிப்போய் ஒரு ஓரம் செம்பழுப்பா இருந்தது, சத்தம் விட்டு விட்டு வந்ததுக்கு அதுதான் காரணம். கொன்டக்ட் கிளீனர் அடிச்சு பிளக்கைப் பத்துத் தரம் போட்டு எடுக்க சரி வந்திட்டுது. இப்ப எல்லாத்தையும் இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் பெட்டியில, சப்பாத்துப் பெட்டியில வாற ஈரம் உறிஞ்சிற பைக்கற்றுகளையும் போட்டு வைச்சிருக்கிறன். கச்சான் காத்துக் காலத்தில புழுதி, மாரியில ஈரம், உப்பு எந்த நாளும், இஞ்ச வாழுற பெடலுக்கு இது கட்டாயம்.

அனலொக்கா டிஜிட்டலா எண்டு சண்டை பிடிக்கிற ஆக்கள் கனபேர். மேடையில, தபேலாவுக்கும் பேஸுக்கும் நடுவில, அந்த வித்தியாசத்தை என்ட காது பிடிக்கேல்லை. எது வேணுமெண்டே தெரியாத ஆளுக்கு நான் சொல்லுறது, கையில காசு இருந்தாலும் உடன வாங்காம, ஆரிட்டையேன் மல்டி எஃபெக்ட் (கனக்க எஃபெக்ட் ஒரே பெட்டியில) ஒண்டை ரெண்டு மாசத்துக்கு இரவல் வாங்குங்கோ, சூம் கொம்பனியின்ட மாதிரிச் சின்னப் பெட்டிகளில எல்லாமே இருக்கு. மட்டக்களப்பில இருக்கிற ஒரு கூட்டாளி எனக்கு அப்பிடித்தான் ஒண்டைத் தந்தவன். ஒவ்வொரு ரிகர்சலுக்குப் பிறகும் எதை ஒன் பண்ணினன் எண்டு ஒரு கொப்பியில எழுதி வைச்சன். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா ஃபேஸர் எல்லாப் பக்கத்திலயும் இருக்கு, ட்ரெமோலோ ஏழெட்டு இடத்தில, கோரஸ் மூண்டே இடத்தில, மூண்டும் ஓர்கன்காரர் வராத நாட்கள்.

இனித் தம்பியின்ட கதை. என்ட கதை முழுக்கக் கேட்டிட்டு அவன் "அப்ப ஃபேஸரைத்தான் எடுக்கோணும் போல" எண்டான். நான் முதல் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லேல்லை எண்டன். "ஓர்கன் இல்லை அண்ணா, ரெண்டு கிட்டாரும் ஒரு கஹோனும் (இருந்து தட்டுற பெட்டி) தான், நான்தான் பாடுறது, மற்றவர் அக்கூஸ்டிக்." அப்பிடியெண்டா கதை முழுக்க மாறுது. நடுவில நிரப்ப ஆள் இல்லை, இடம் வெறுமையாக் கிடக்குது. பாடுறவனும் வாசிக்கிறவனும் ஒராள், பாட்டின்ட இடைவெளியிலதான் அவன்ட கிட்டார் விரியோணும், கமகம் போடுற நேரம் காலால ஒஃப் பண்ணிவிட அவனுக்கே தெரியும். என்ட கோரஸை எடுத்து அவன்ட கையில குடுத்து, ஸ்பீட் ஒன்பது மணி, டெப்த் பத்து மணியில வைச்சு, அவன் வழமையாப் பாடுற பாட்டைப் பாடச் சொன்னன். ரெண்டாவது சரணத்தில நான் குனிஞ்சு கையால பெடலை ஒஃப் பண்ணினன். அவன் பாட்டை நிப்பாட்டி "ஏன் அண்ணா ஒஃப் பண்ணினீங்க" எண்டு கேட்டான்.

கோரஸுக்குக் காசு அனுப்பியாச்சு. டிக் டிக் வீடியோவும் வந்தது, ஒரு சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ல போட்டு விடுறாராம், சனி விடிய ரெண்டு பேருமாப் போய் பஸ் ஸ்டாண்டில எடுக்கிறதெண்டு கதைச்சு வைச்சிருக்கிறம். அவனிட்ட இருக்கிற அடப்டரின்ட படத்தை போன்ல அனுப்பச் சொல்லியிருக்கிறன், நடு ஊசியைப் பார்க்கோணும்.